எக்ஸ் போட்ட சுவரும் எழுதி வைத்த கணக்கும்

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கா போய் வந்தவர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பது, நயாகரா பார்த்தீர்களா, சுதந்திர தேவி சிலை பார்த்தீர்களா என்றுதான். நான் இரண்டையும் பார்க்கவில்லை. ஒரு வேலையாக அட்லாண்டா போயிருந்தபோது, கையில் ஒருநாள் ஓய்வு இருந்தது. காரில் இரண்டரை மணி நேரம் மேற்கே போய் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் ஒரு பழைய பேஸ்பால் மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பெயர் ரிக்வுட் ஃபீல்ட். "உனக்குப் பேஸ்பால் தெரியுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த மைதானத்தில் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பேஸ்பால் பற்றி இதற்குத் தேவையான அளவு ஒரு வரி. பந்து எறிபவர் பிட்ச்சர், அடிப்பவர் பேட்டர். அடித்துவிட்டு மூன்று பேஸ்களைத் தொட்டு நான்காவதாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். பந்தை மைதானத்துச் சுவருக்கு அப்பால் தூக்கி அடித்தால் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. இவ்வளவு போதும்.

ரிக்வுட் 1910 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டது. அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடப்பட்ட மைதானங்களில் இன்றைக்கும் நின்றுகொண்டிருப்பவற்றில் இதுவே மூத்தது. கட்டியவர் ரிக் வுட்வர்ட், இரும்பு ஆலை முதலாளி. பர்மிங்காம் இரும்பால் உருவான ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம், இரும்புத் தாது, உருக்காலை. அந்தச் சுரங்கங்களிலும் உலைகளிலும் வெந்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள். ஆலைக்கு ஆலை பேஸ்பால் அணி இருந்தது. வெள்ளைத் தொழிலாளர்களுக்கு ஓர் அணி, கறுப்புத் தொழிலாளர்களுக்கு வேறு அணி. உலை ஒன்று, கூலி வேறு. ஆலை ஒன்று, அணி வேறு.

ரிக்வுட்டிலும் அப்படித்தான். பர்மிங்காம் பேரன்ஸ் என்று வெள்ளையர் அணி. அதே ஊரில், அதே மைதானத்தில், பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் என்று கறுப்பர் அணி. 1920இல் ஆலை அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி உருவாக்கப்பட்ட அணி அது. வெள்ளையர் அணி வெளியூர் போயிருக்கும் நாட்களில் மட்டும் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆட வேண்டும். வெள்ளையர் அணியின் ஆட்டத்தைப் பார்க்கக் கறுப்பர்கள் வரலாம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கலாம். உட்காருவது மட்டும் வலதுபுறக் கடைக்கோடியில், அவர்களுக்கென்று ஒதுக்கிய படிக்கட்டு வரிசையில். காசுக்குத் தீட்டு இல்லை, ஆளுக்குத்தான். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் போன அன்று மைதானத்தில் ஆட்டம் எதுவும் இல்லை. கூரை போட்ட பழைய அரங்கம், எஃகுத் தூண்கள், 1936இல் நிறுத்திய விளக்குக் கோபுரங்கள். நடந்து சுற்றிவரும்போது இப்போதைய வேலிக்குப் பின்னால் பழைய கான்கிரீட் சுவர் ஒன்று தெரிந்தது. அதில் ஓரிடத்தில் 'எக்ஸ்' என்று குறி போட்டிருக்கிறார்கள். 1948இல் பேரன்ஸ் அணிக்காக ஆடிய வால்ட் ட்ரோபோ என்ற வெள்ளை இன ஆட்டக்காரர் அடித்த ஹோம் ரன் பந்து பட்ட இடம் அது. 467 அடி தூரம் என்பார்கள். அந்த மைதானத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போவதில்லை. நானும் பார்த்தேன்.

ஆனால் என்னை அங்கேயே நிற்க வைத்தது அந்த ஆண்டு. 1948.

அந்த ஆண்டு பிளாக் பேரன்ஸ் அணியில் வில்லி மேஸ் என்று ஒரு பையன் சேர்ந்தான். வயது 17. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பர்மிங்காமை ஒட்டிய வெஸ்ட்ஃபீல்ட் என்ற உருக்காலைக் குடியிருப்பில் பிறந்தவன். அப்பா ஆலைத் தொழிலாளி, ஆலை அணியின் ஆட்டக்காரர். பையனை வளர்த்தெடுத்தவர் அணியின் மேலாளரும் ஆட்டக்காரருமான பைப்பர் டேவிஸ். அந்த ஆண்டு பிளாக் பேரன்ஸ் நீக்ரோ அமெரிக்கன் லீகில் வென்று, கறுப்பர் லீகுகளின் உலகத் தொடர் எனப்பட்ட இறுதித் தொடருக்குப் போனது. எதிரணி ஹோம்ஸ்டெட் கிரேஸ். மூன்றாவது ஆட்டம் ரிக்வுட்டில். கடைசி இன்னிங்ஸில் மேஸ் அடித்த பந்து நடுவாகத் தரையோடு பாய்ந்து போக, பில் கிரீசன் ஓடிவந்து வெற்றி ரன்னை எடுத்தார். அந்தத் தொடரில் பிளாக் பேரன்ஸ் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். தொடரை 4-1 என்று கிரேஸ் வென்றது. கறுப்பர் லீகுகளின் கடைசி உலகத் தொடரும் அதுவே.

அதே 1948இல் வெள்ளையர் அணியான பேரன்ஸும் தன் லீகில் வென்று, டெக்சாஸ் லீகின் சாம்பியனோடு மோதும் டிக்ஸி தொடரையும் கைப்பற்றியது. ஒரே ஊர், ஒரே மைதானம், ஒரே ஆண்டு, இரண்டு வெற்றி அணிகள். இரண்டும் ஒருநாள்கூட ஒன்றையொன்று எதிர்த்து ஆடவில்லை. யார் சிறந்த அணி என்று பர்மிங்காம் மக்களுக்குக் கடைசிவரை தெரியாது.

ஏன் ஆடவில்லை? வழக்கம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, தாயக்கட்டை, டாமினோ, செக்கர்ஸ் ஆடக் கூடாது என்று 1930இலேயே அந்த நகரம் விதி எழுதி வைத்திருந்தது. தோழர்களே, செக்கர்ஸ்! இரண்டு பேர் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து காய் நகர்த்துவது. 1950இல் அந்த விதியை விரித்து பேஸ்பாலையும் கால்பந்தையும் கூடைப்பந்தையும் அதில் சேர்த்தார்கள். 1954இல் நகர நிர்வாகம் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன இரண்டு வாரத்தில், ஜூன் 1 அன்று, வாக்கெடுப்பு நடத்தி அந்தத் தடையை மறுபடி கொண்டுவந்தார்கள். பெரும்பான்மையினர் வாக்குப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். வாக்குப்பெட்டி வந்தாலே சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் என்றால் விதி எல்லோருக்கும் ஒன்று. மூன்று ஸ்ட்ரைக் என்றால் யாருக்கும் மூன்றுதான். மேடையில் பேசும் சமத்துவத்தை மறுத்துப் பேசலாம். கண்ணெதிரே ஒருவன் உன் பந்தை அடித்துவிட்டால் என்ன சொல்வாய்? அதனால்தான் ஆடவே விடக் கூடாது.

அந்த நகரத்தின் பயத்துக்கு ஒரு முகம் உண்டு. 1963இல் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் நாய்களை ஏவி, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பாய்ச்ச வைத்த புல் கானரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். காவல்துறையைக் கையில் வைத்திருந்த நகர ஆணையர். அவர் ஊருக்குப் பிரபலமானது எப்படித் தெரியுமா? வானொலியில் பேரன்ஸ் அணியின் ஆட்டங்களை வர்ணனை செய்து. வீட்டுக்கு வீடு கேட்ட அந்தக் குரல்தான் அவரை அரசியலுக்குக் கொண்டுபோனது. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

அவர்கள் எந்த அளவுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூங்காக்களில் பிரிவினை கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டதும், 1962 தொடக்கத்தில் நகரத்தின் பூங்காக்களையும் நீச்சல் குளங்களையும் கோல்ஃப் மைதானங்களையும் இழுத்து மூடினார்கள். சேர்ந்து குளிப்பதைவிட யாருமே குளிக்காமல் இருப்பது மேல். பேரன்ஸ் ஆடிய சதர்ன் அசோசியேஷன் லீக் கறுப்பர்களைச் சேர்க்க மறுத்து, 1961உடன் கலைந்தே போனது. 1954இல் அட்லாண்டா அணியில் நாட் பீப்பிள்ஸ் என்ற ஒரே ஒரு கறுப்பர் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அந்த லீகின் மொத்த வரலாற்றிலும் அவ்வளவுதான். எல்லோருக்கும் திறக்கச் சொன்னால் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது நாமும் பார்த்த வித்தைதான்.

சரி, பிறகு கதவு திறந்ததே, ஜாக்கி ராபின்சன் வந்தாரே என்பீர்கள். வந்தார். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக மேஜர் லீகில் ஆடினார். மகத்தான நாள். ஆனால் அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ராபின்சன் அதற்கு முன் ஆடிய கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு டாட்ஜர்ஸ் ஒரு பைசா தரவில்லை. நூவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி என்ற பெண்மணிதான் எதிர்த்துக் குரல் கொடுத்தார்: எங்கள் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்கிறீர்கள், எங்கள் ஒப்பந்தத்துக்கு மட்டும் மதிப்பில்லையா? லாரி டோபியை கிளீவ்லாந்து அணி எடுத்தபோது பேசிப் பணம் வாங்கியவர் அவர். அது விதிவிலக்கு. நல்ல ஆட்டக்காரர்கள் போனார்கள், அவர்களோடு ரசிகர்களும் போனார்கள். 1948 முடிந்ததும் நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது. கறுப்பு மேலாளர்கள், நடுவர்கள், அணி முதலாளிகள் யாரையும் மேஜர் லீக் கூப்பிடவில்லை. ஆட்டக்காரருக்குக் கதவைத் திறந்தார்கள், நிறுவனத்துக்கு மூடினார்கள். 'உள்ளே வா' என்பதற்கும் 'இது உன்னுடையதும்தான்' என்பதற்கும் உள்ள தூரம் அது.

பைப்பர் டேவிஸுக்கு நடந்ததையும் கேளுங்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் அமைப்புக்குள் சேர்த்த முதல் கறுப்பர் அவர்தான், 1950இல். கீழ்நிலை அணியில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தவரை சில வாரங்களிலேயே அனுப்பிவிட்டார்கள். சொன்ன காரணம் பணக் கஷ்டம். அப்போது பர்மிங்காம் பேரன்ஸ் ரெட் சாக்ஸின் கிளை அணி. அதாவது வில்லி மேஸ் ஆடிய மைதானம் அவர்கள் வாசலிலேயே இருந்தது. கையை நீட்டவில்லை. மேஸை நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது. ரெட் சாக்ஸ் தன் முதல் அணியில் ஒரு கறுப்பரை ஆடவிட்டது 1959இல், மேஜர் லீக் அணிகளிலேயே கடைசியாக. வெறுப்பு எதிராளியை மட்டும் அழிப்பதில்லை. வெறுப்பவனின் புத்தியையும் தின்றுவிடுகிறது.

இப்போது 2024க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூன் 20 அன்று ரிக்வுட்டில் மேஜர் லீக் ஆட்டம் ஒன்று நடந்தது. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் மோதின. நீக்ரோ லீகுகளுக்கு மரியாதை செய்யும் ஆட்டம். முதல்முறையாக நடுவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். தொடக்கப் பந்தை எறிந்தவர் பில் கிரீசன். 1948இல் மேஸ் அடித்ததும் ஓடிவந்த அதே கிரீசன், 99 வயதில். மேஸ் வரவில்லை. இரண்டு நாள் முன்பு, ஜூன் 18 அன்று, 93 வயதில் இறந்துபோனார்.

அன்று தொலைக்காட்சியில் ரெஜி ஜாக்சனிடம், இந்த மண்ணுக்குத் திரும்பி வந்தது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் 1967இல் பர்மிங்காம் அணியில் ஆடியவர். இனிப்பான பதிலை எதிர்பார்த்திருப்பார்கள். அவர் உடைத்துச் சொன்னார். உணவகத்தில் விரட்டியது, விடுதியில் அறை மறுத்தது, அசிங்கமான வார்த்தையால் அழைத்தது என எல்லாவற்றையும் சொன்னார். யாருக்கும் இது வரக் கூடாது என்றார். விழாவில் நன்றி சொல்லிவிட்டுப் போகாமல் நடந்ததைச் சொன்னாரே, அன்றைய ஆட்டத்தில் எனக்கு அதுதான் ஹோம் ரன்.

அந்த விழாவுக்குச் சில வாரம் முன்பு இன்னொன்று நடந்தது. 1920 முதல் 1948 வரை ஆடப்பட்ட நீக்ரோ லீகுகளும் மேஜர் லீகுகள்தான் என்று மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில் ஒப்புக்கொண்டிருந்தது. 2024 மே இறுதியில் அந்தப் புள்ளிவிவரங்களை அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்த்தார்கள். அதுவரை பேட்டிங் சராசரியில் எக்காலத்துக்கும் முதலிடம் டை காபுக்கு, .367. சேர்த்ததும் முதலிடம் ஜாஷ் கிப்சனுக்குப் போனது, .372. கிப்சன் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் ஆட்டக்காரர். 1947 ஜனவரியில், ராபின்சன் மேஜர் லீகில் கால் வைப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்தவர். இறந்து 77 ஆண்டு கழித்து முதலிடம். மேஸின் கணக்கிலும் 1948இல் பிளாக் பேரன்ஸுக்காக அடித்த 10 ஹிட்கள் சேர்ந்தன. 3,283 என்றிருந்தது 3,293 ஆனது.

இதைக் கொண்டாடலாமா? கொண்டாடலாம். ஆனால் "அங்கீகாரம் கொடுத்தார்கள்" என்று சொல்லாதீர்கள். வெளியே நிறுத்தியவன் எழுபது ஆண்டு கழித்து, நீயும் என் அளவு பெரியவன்தான் என்று சொல்வது கொடை ஆகாது, பாக்கி தீர்ப்பது. அதிலும் வட்டி சேரவில்லை.

அந்தப் பாக்கியைத் தீர்க்க முடிந்ததாவது எதனால்? நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். கறுப்பர்களின் ஆட்டங்களைப் பெரும்பாலான வெள்ளையர் பத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை. எழுதி வைத்தவை கறுப்பர் பத்திரிகைகள்: சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோரின் ஆஃப்ரோ-அமெரிக்கன். யார் எத்தனை முறை அடித்தார், எத்தனை ஹிட், எத்தனை ரன் என்று சின்ன எழுத்தில் அச்சடித்த ஸ்கோர் பெட்டிகள். கூரியர் நிருபர் வெண்டல் ஸ்மித்துக்குச் செய்தியாளர் மாடத்தில் இடம் கிடையாது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மடியில் தட்டச்சுப் பொறியை வைத்துச் செய்தி அடித்தவர். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அந்தப் பழைய பத்திரிகைகளைத் தாள் தாளாகப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகக் கூட்டித்தான் கிப்சனின் .372ஐ மீட்டார்கள். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் கிப்சன் வெறும் கதை. 'அந்தக் காலத்தில் ஒருத்தர் இருந்தாராம்' என்று முடிந்திருக்கும்.

சுவரில் பட்ட பந்துக்கு எக்ஸ் போடலாம். மேஸின் பந்து தரையோடு போனது. அதற்குச் சுவரில் இடமில்லை. காகிதத்தில்தான் இடம் இருந்தது.

இது நம் முன்னோருக்குத் தெரியாததா? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம்மைப் பற்றி யாரோ எழுதுவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பிய மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். அனுதாபம் கேட்கவில்லை, ஆவணம் கேட்டார். அந்தக் கடிதமும் டு பாய்ஸின் பதிலும் பத்திரமாக இருப்பதால்தான் இன்று நாம் அதைப் பேசுகிறோம்.

விழா முடிந்த பிறகு என்ன மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். 2022 இறுதித் தொடரில், 1950க்குப் பிறகு முதல்முறையாக, அமெரிக்காவில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இரு அணிகளின் பட்டியலிலும் இல்லை. 2024 பருவம் தொடங்கும்போது மேஜர் லீகில் அவர்கள் பங்கு சுமார் 6 விழுக்காடு. இன்று எந்த விதியும் தடுக்கவில்லை. சிறு வயதிலிருந்தே பயிற்சி முகாம், பயண அணி, உபகரணம் என்று பெற்றோர் கொட்ட வேண்டிய பணம் தடுக்கிறது. எக்ஸ் போட்ட சுவர் போய், கண்ணுக்குத் தெரியாத சுவர் வந்திருக்கிறது. அருங்காட்சியகம் திறப்பது சுலபம், மைதானம் திறப்பதுதான் கஷ்டம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், தெருவில், மைதானத்தில் ஆடுகிற நம் பிள்ளைகளின் ஆட்டத்தை எழுதி வையுங்கள். யார் ஆடினார்கள், எத்தனை ரன், எத்தனை புள்ளி, எந்தப் போட்டியில் யாரைச் சேர்க்கவில்லை, என்ன காரணம் சொன்னார்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு, பெயர் போட்டு எழுதுங்கள். ஊரில் ஒரு காலத்தில் ஆடிய பெரியவர் யாராவது இருப்பார். கபடியோ கால்பந்தோ, அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பில் கிரீசனைப்போல எல்லோரும் 99 வயது வரை காத்திருக்க மாட்டார்கள்.

நாளை யாராவது வந்து, உங்கள் கணக்கு எங்கே என்று கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு நோட்டாவது இருக்க வேண்டும்.